கிளட்ச் பெடல் சரியில்லையா? நட்டைத் திருகும் முன் அறிகுறியைப் பாருங்கள்

கிளட்ச் பெடல் சரியில்லை என்றதும் பலரும் முதலில் கை வைப்பது புஷ் ராடின் (பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் கம்பியின்) லாக் நட்டில்தான். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் அந்த நட்டால் மாற்ற முடிந்தது ஒன்றுதான்: பெடல் எவ்வளவு தூரம் இறங்கியதும் மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும்போது ஆயிலை லைனுக்குள் தள்ளும் பாகம்) வேலையைத் தொடங்குகிறது என்பது. லைனில் காற்று, தேய்ந்த சீல், தேய்ந்து முடியும் தறுவாயில் உள்ள கிளட்ச் டிஸ்க், இவை எதையும் அந்த நட் சரிசெய்யாது. சில நாளுக்கு மறைத்து வைக்கும், அவ்வளவே. பிறகு அதே கோளாறு சூடான எஞ்சினோடும் நெரிசலோடும் சேர்ந்து திரும்பி வரும்.

இங்கே சொல்வது ஹைட்ராலிக் (ஆயில் அழுத்தத்தால் இயங்கும்) கிளட்ச் உள்ள மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு. 2004 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் போன்ற கேபிள் கிளட்ச் கார்களில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் பெடல் நிலையை, அதாவது பிடிப்பு இடத்தைக் கேபிளின் நீளம் தீர்மானிக்கிறது. காற்று, சீல், ஆயில் பற்றிய பகுதிகள் அவற்றுக்குப் பொருந்தாது.

முதலில் நான்கு அளவுகள்

ஒரு ஸ்டீல் ஸ்கேல், மாஸ்கிங் டேப், பேனா, டார்ச் போதும். தரைவிரிப்பையும் மேட்டையும் முழுக்க விலக்குங்கள். பெடல் தரைக்குப் போகவில்லை என்ற புகாருக்குச் சில நேரம் மடிந்துகிடக்கும் தடித்த மேட்தான் காரணம்.

பெடல் உயரம்: வெறும் தகட்டிலிருந்து பெடல் ரப்பரின் நடுப்பகுதி வரை. எந்த இடத்திலிருந்து அளப்பது என்பது மாடலுக்கு மாடல் மாறும், சர்வீஸ் கையேட்டின் படத்தைப் பாருங்கள்.

புஷ் ராட் ப்ளே: விரலால் மட்டும் பெடலை மெல்ல அழுத்துங்கள். ராட் பிஸ்டனைத் தொடும் வரை எதிர்ப்பே இல்லாமல் போகும் தூரம் இது. காலால் அளக்க முடியாது, கால் இதை உணராது.

மொத்த ப்ளே: அதைத் தாண்டி, லேசான ஸ்பிரிங் எதிர்ப்போடு நகர்ந்து, உண்மையான கனம் தொடங்கும் இடம் வரை. டொயோட்டா கையேடுகளில் பல மாடல்களுக்குப் புஷ் ராட் ப்ளே பெடல் முனையில் 1 முதல் 5 மி.மீ., மொத்த ப்ளே 5 முதல் 15 மி.மீ. என்று இருக்கும். உங்கள் காரின் அளவு கையில் இல்லாவிட்டால் இதை ஒரு வரம்பாக வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, விடுபடும் இடம். இதை அளக்காமல் எதையும் திருக வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, கியரை முதலில் போட்டு, ஓட்டும் சக்கரங்களில் ஒன்றைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். எல்.எஸ்.டி. (இரு சக்கரங்களும் தனித்தனி வேகத்தில் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்) உள்ள கார் என்றால் இரண்டையும் தூக்க வேண்டும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின்சக்கர ஓட்டம் என்றால் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டியிருக்கும் என்பதால் கட்டைதான் காரைப் பிடித்து நிற்கும். ஒருவர் சக்கரத்தைக் கையால் சுற்ற முயல, இன்னொருவர் பெடலை ஒவ்வொரு மில்லிமீட்டராக இறக்க வேண்டும். சக்கரம் சட்டென்று விட்டுக்கொடுக்கும் இடத்தில் பெடலை நிறுத்தி, அங்கிருந்து பெடல் முழுக்கத் தரையில் முட்டும் இடம் வரை அளங்கள். டொயோட்டா கேட்பது குறைந்தது 25 மி.மீ. இந்த மிச்சத்தைத்தான் கீழே 'கையிருப்பு' என்கிறோம். ஆறிய எஞ்சினில் ஒருமுறை, அரை மணி நேரம் நன்றாக ஓட்டிய பிறகு ஒருமுறை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் கோளாறு ஆயிலிலோ காற்றிலோ இருக்கிறது. நட்டைத் தொடவே வேண்டாம்.

திருத்தும் வரிசை

வரிசை முக்கியம்: முதலில் உயரம், பிறகு ப்ளே, கடைசியில் சுவிட்சுகள். தலைகீழாகச் செய்தால் ஒன்றைத் திருத்தும்போது முன்பு வைத்தது கலைந்துவிடும்.

பெடலை மேலே நிறுத்துவது பெரும்பாலும் ஒரு ஸ்டாப்பர் போல்ட், அல்லது அந்த வேலையையும் சேர்த்துப் பார்க்கும் கிளட்ச் சுவிட்ச். உயரத்தை அதில்தான் வைக்க வேண்டும். புஷ் ராடை நீட்டி உயரத்தைக் கூட்டப் பார்ப்பது தவறான வழி. ஸ்டாப்பர் இல்லாமல், மாஸ்டர் சிலிண்டருக்குள் மாட்டிய ராடே பெடலை மேலே பிடித்து நிறுத்தும் வடிவமும் உண்டு. அதில் மட்டும் ராடின் நீளமும் பெடல் உயரமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. பிளாஸ்டிக் மாஸ்டர் சிலிண்டர் வரும் பல புதிய கார்களில் ராடைத் திருத்தவே வழி கிடையாது. கிளிவிஸ் (ராடைப் பெடலோடு மாட்டும் கவை) அருகே மரை தெரியவில்லை என்றால் இழுத்துப் பார்க்காதீர்கள், உடையும்.

உயரம் வைத்த பிறகு லாக் நட்டைத் தளர்த்தி, ராடை விரலால் திருப்புங்கள். பிளையரால் பிடித்தால் ராடில் கீறல் விழும், அந்தக் கீறல் தூசி மூடியின் ரப்பரைத் தின்னும். ராடை நீட்டினால் ப்ளே குறைந்து பிடிப்பு இடம் மேலே வரும். குறுக்கினால் ப்ளே கூடி பிடிப்பு இடம் கீழே இறங்கும். எவ்வளவு திருப்புவது என்பதை முன்பே கணக்கிடலாம். மரையின் பிட்ச் 1.25 மி.மீ., பெடலின் நெம்புவிகிதம் ஆறுக்கு ஒன்று என்றால், ஒரு முழுச் சுற்று பெடல் முனையில் 7.5 மி.மீ. ஆகும். ஆகவே கால் சுற்றில் தொடங்குங்கள். கால் சுற்றே கிட்டத்தட்ட 2 மி.மீ., காலுக்குத் தெளிவாகத் தெரியும்.

ப்ளே ஒருபோதும் பூஜ்யம் ஆகக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் முழுக்கப் பின்வாங்கும்போதுதான் ரிசர்வாயருக்குப் போகும் சிறு துளை திறக்கிறது. ராட் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே இருந்தால் துளை மூடியே கிடக்கும். ஆயில் சூடாகி விரியும்போது போக இடமில்லாமல், கிளட்ச் பக்கத்தில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். நீங்கள் பெடலைத் தொடாமலே கிளட்ச் பாதி விடுபடும், வழுக்கும், எரியும். புது கிளட்ச் போட்டும் சில நூறு கிலோமீட்டரில் வாடை வருகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

லாக் நட்டை இறுக்கும்போது ராட் கூடவே சுழலாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இறுக்கிய பிறகு ப்ளேவை மறுபடி அளங்கள். அடுத்து சுவிட்சுகள். மேலே உள்ளது பெரும்பாலும் குரூஸ் கண்ட்ரோலுக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும். கீழே உள்ளது பெடலை முழுக்க மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகச் செய்வது. மேல் சுவிட்ச் பெடலைத் தொடாமல் நின்றால் கம்ப்யூட்டர் கிளட்ச் மிதித்தே இருக்கிறது என்று நினைக்கும், குரூஸ் வேலை செய்யாது. சுவிட்சை அதிகம் உள்ளே திருகினால் பெடலையே கீழே அழுத்தி ப்ளேவைத் தின்றுவிடும்.

பிடிப்பு இடம் மிக மேலே இருக்கிறது

காலை முழுக்க எடுத்த பிறகுதான் கார் நகர்கிறது என்றால், நட்டுக்குப் போகும் முன் ஸ்லிப் பரிசோதனை. போக்குவரத்தில்லாத சாலையில் நான்காவது கியரில் சுமார் 2,000 ஆர்.பி.எம்.மில் ஓட்டிக்கொண்டே ஆக்சிலேட்டரை முழுக்க மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் பாய்ந்தால் டிஸ்க் முடிந்துவிட்டது, அல்லது அதில் ஆயில் பட்டிருக்கிறது. ராடைக் குறுக்கினால் பெடல் நன்றாக இருப்பது போலத் தோன்றும்; வழுக்கல் நிற்காது. ப்ளே பூஜ்யமாக இருந்ததால் வழுக்கியது என்றால் மட்டும் ப்ளே வைத்ததும் நின்றுவிடும்.

வழுக்கவில்லை, கையிருப்பு 40 மி.மீ. போலத் தாராளமாக இருக்கிறது என்றால் ராடைக் குறுக்கலாம். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு கையிருப்பை அளந்து, 25 மி.மீ. வந்ததும் நிறுத்திவிடுங்கள். பிடிப்பைக் கீழே இறக்குவது இலவசமல்ல. ப்ளேயில் கூட்டும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கையிருப்பிலிருந்துதான் போகிறது.

உயரத்தைக் குறைப்பதும் ஒரு வழி. பெடல் பிரேக் பெடலைவிட எக்கச்சக்கமாக மேலே நின்றால் ஸ்டாப்பரை உள்ளே திருகி உயரத்தை இறக்கி, அதே அளவு ப்ளே வருமாறு ராடைக் குறுக்குங்கள். அளவுகள் எல்லாமே தரையை நோக்கி நகரும் என்பதால் இங்கேயும் கையிருப்புதான் எல்லை.

டொயோட்டா 86, சுபாரு பி.ஆர்.இசட். கார்களில் பிடிப்பு மேலே இருப்பதாகத் தோன்றுவதில் உதவி ஸ்பிரிங்குக்கும் பங்குண்டு. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

பிடிப்பு தரையோரம், கியர் கரகரவென்று விழுகிறது

ஆறிய எஞ்சினில் ஐடிலில் நின்று, கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து நொடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் கிளட்ச் விடுபடுகிறது. காத்திருந்தும் கரகரத்தால் கிளட்ச் இழுக்கிறது, அதாவது டிஸ்க் முழுக்க விடுபடவில்லை. ரிவர்ஸில்தான் பார்க்க வேண்டும். முன்கியர்களில் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) இந்தக் குறையை மூடி மறைத்துவிடும், தன்னையே தேய்த்துக்கொண்டு.

அடுத்து ஸ்லேவ் சிலிண்டரின் பயணத்தை அளங்கள். வெளியே இருக்கும் ஸ்லேவ் என்றால் எளிது: ஃபோர்க் (ஸ்லேவ் தள்ளும் நெம்புகோல்) அருகே ஸ்கேலை வைத்து, எஞ்சினை நிறுத்தி, ஒருவரைப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். பல கார்களில் 12 மி.மீ.க்குக் கீழே என்றாலே கிளட்ச் சரியாக விடுபடாது. இந்த ஓர் அளவு வேலையை இரண்டாகப் பிரித்துவிடும். பயணம் குறைவு என்றால் கோளாறு பெடலுக்கும் ஸ்லேவுக்கும் நடுவே: ப்ளே அதிகம், காற்று, சீல், ஹோஸ், அல்லது வளையும் பெடல் பிராக்கெட். பயணம் முழுசாக இருந்தும் இழுத்தால் கோளாறு பெல் ஹவுசிங்குக்குள் (கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்குள்): வளைந்த ஃபோர்க், தேய்ந்த பைவட் பால், வளைந்த டிஸ்க், ஸ்ப்ளைனில் துரு, இறுகிப்போன பைலட் பேரிங். உள்ளே இருக்கும் கோளாறுக்குப் பெடலைத் திருத்திப் பயனில்லை.

சிறு காற்றுக்குமிழ் எவ்வளவு திருடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மாஸ்டரின் உள்விட்டம் 15.87 மி.மீ., பிஸ்டன் நகர்வது 30 மி.மீ. என்றால், அது தள்ளும் ஆயில் சுமார் 5.9 மி.லி. ஸ்லேவ் 19.05 மி.மீ. என்றால் அது 20.8 மி.மீ. நகரும். லைனில் 1 மி.லி. காற்று இருந்து அழுத்தத்தில் சுருங்கிக்கொண்டால் ஸ்லேவின் பயணத்தில் 3.5 மி.மீ. காணாமல் போகும். ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு காற்று, கியர் விழுவதற்கும் விழாததற்கும் உள்ள வித்தியாசம்.

பெடலை மிதிக்கும்போது டார்ச் அடித்து, மாஸ்டர் சிலிண்டர் மாட்டியிருக்கும் தகட்டையும் பார்க்க மறக்காதீர்கள். கனமான பிரஷர் பிளேட் (டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் தட்டு) போட்ட பழைய கார்களில் வெல்டிங் விட்டு, தகடே முன்னால் தள்ளப்படும். எத்தனை முறை ஏர் எடுத்தாலும் (லைனிலிருந்து காற்றை வெளியேற்றினாலும்) அங்கே போகும் பயணம் திரும்பி வராது.

பெடல் பஞ்சு போல, இரண்டு மூன்று முறை மிதித்தால் சரியாகிறது

பம்ப் செய்ததும் பிடிப்பு மேலே வருகிறது என்றால் அது காற்று. ஏர் எடுக்கும் முன் காற்று எப்படி உள்ளே வந்தது என்று பாருங்கள். பிரேக்கும் கிளட்சும் ஒரே ரிசர்வாயரில் இருக்கும் கார்களில் கிளட்சுக்கான குழாய் பக்கவாட்டில் உயரமாக இருக்கும். கிளட்ச் கசிந்தாலும் பிரேக் காலியாகக் கூடாது என்பதற்காக. ஆகவே ஆயில் கொஞ்சம் குறைந்தாலே காற்றை இழுப்பது கிளட்ச்தான், அப்போதும் பிரேக் சரியாகவே இருக்கும்.

ஸ்லேவின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் சீல் போய்விட்டது. ஏர் எடுப்பது வீண் வேலை. மாஸ்டா எம்.எக்ஸ்-5 முதல் இரண்டு தலைமுறைகளில் இந்த ஸ்லேவ் அடிக்கடி போகும் பாகம். மாஸ்டரின் பின்பக்கம், புஷ் ராட் நுழையும் இடத்தில் விரலை வைத்துப் பாருங்கள், பெடலுக்குப் பின்னால் உள்ள விரிப்பையும் தடவுங்கள். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆயில் மட்டும் குறைகிறது என்றால் பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் வளைய ஸ்லேவ் கசிகிறது. நிசான் 370இசட் இதற்குப் பேர்போனது. அதற்கு கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும்.

ஏர் எடுக்கும் முறை:

1. ரிசர்வாயரில் உள்ள பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றுங்கள். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, ஒன்றோடொன்று கலக்கும். டாட் 5 சிலிக்கான். அது கலக்காது, ஊற்றவே கூடாது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

2. ஸ்லேவில் உள்ள ப்ளீட் நிப்பிளில் (ஆயிலும் காற்றும் வெளியேறும் சிறு வால்வில்) ரிங் ஸ்பேனரை முதலில் மாட்டி, அதன் மேல் நிறமில்லாத குழாயைச் செருகி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கவிடுங்கள்.

3. உதவியாளர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க வேண்டும். நிப்பிளைக் கால் சுற்று திறந்து, ஓட்டம் நின்றதும் மூடி, 'மூடியாச்சு' என்று சொன்ன பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். பெடல் தானாக மேலே வராது, கையால் இழுத்துவிடச் சொல்லுங்கள்.

4. குமிழ் நின்ற பிறகும் ஐந்தாறு முறை. ஐந்து மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பாருங்கள். மொத்தம் கால் லிட்டர் ஆயில் போதும்.

வேகமாகப் பம்ப் செய்வதைத் தவிருங்கள், குமிழ் நொறுங்கி ஆயிலோடு நுரையாகக் கலந்துவிடும். புது வளைய ஸ்லேவில் பம்ப் செய்வது சீலையே கெடுக்கலாம். அங்கே 1 பார் அளவுக்குள் அழுத்த ப்ளீடர் வைப்பது நல்லது.

இத்தனைக்குப் பிறகும் பெடல் பஞ்சாகவே இருந்தால், காற்று நிப்பிளைவிட உயரமான இடத்தில் தங்கியிருக்கிறது. வெளி ஸ்லேவைக் கழற்றி (லைன் மாட்டியபடியே), நிப்பிள் உச்சியில் இருக்குமாறு பிடித்து, அதன் ராடைக் கையால் மெல்ல உள்ளே தள்ளுங்கள். ஆயில் பின்னோக்கி ரிசர்வாயருக்குப் போகும், கூடவே குமிழ்கள் மேலே வரும். மூன்று நான்கு முறை இதைச் செய்தால் பிடிவாதமான காற்றும் போய்விடும். ஸ்லேவ் கழன்றிருக்கும்போது யாரும் பெடலைத் தொடக் கூடாது, பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடும்.

சிக்னலில் மிதித்துப் பிடித்திருந்தால் கார் தானாக நகரப் பார்க்கிறது

முதல் கியரில், பிரேக்கையும் மிதித்து, கிளட்சை ஒரு நிமிடம் அசையாமல் பிடியுங்கள். எஞ்சின் சத்தம் கனத்து, கார் தள்ளத் தொடங்கினால், எங்கும் கசிவும் இல்லை என்றால், மாஸ்டரின் உள்சீல் வழியாக ஆயில் பின்னால் நழுவுகிறது. வேகமாக மிதித்தால் நன்றாக விடுபடும், மெதுவாக மிதித்தால் விடுபடாது என்பதும் இதன் அடையாளம். மாஸ்டரை மாற்றுங்கள். மாற்றும் முன் புது மாஸ்டரை மேசையிலேயே ஆயில் நிரப்பிக் காற்றெடுத்துவிட்டால் பிறகு அரை மணி நேர வேலை மிச்சம். மாஸ்டர், ஸ்லேவ் இரண்டும் ஒரே வயது என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். புது மாஸ்டரின் முழு அழுத்தம் பழைய ஸ்லேவின் சீலை அடுத்து எடுத்துவிடும்.

சூடானதும் வழுக்குகிறது, ஆறினால் சரி

ப்ளே இல்லாததைப் பற்றி மேலே சொன்னதுதான் இங்கே நடக்கிறது. உறுதிசெய்ய, வழுக்கும் நேரத்திலேயே காரை நிறுத்தி, பெடலைத் தொடாமல் ஸ்லேவின் நிப்பிளைச் சற்றே திறங்கள். சூடான ஆயில் என்பதால் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். ஆயில் பீச்சி அடித்து, மூடிய பிறகு வழுக்கல் நின்றுவிட்டால் லைனில் அழுத்தம் சிறைப்பட்டிருந்தது. ப்ளே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஹோஸ் உள்ளே உரிந்து ஒருவழி வால்வு போல அடைக்கிறது, அல்லது மாஸ்டரின் துளை அடைத்திருக்கிறது. பீச்சவில்லை என்றால் டிஸ்க் அல்லது பிரஷர் பிளேட்.

பெடல் கனக்கிறது

எப்போதிலிருந்து என்பதுதான் முதல் கேள்வி. ஆண்டுக்கணக்கில் மெல்லக் கூடியது என்றால் பெரும்பாலும் டிஸ்க் தேய்மானம். டிஸ்க் மெலியும்போது பிரஷர் பிளேட்டில் உள்ள டயாஃப்ரம் ஸ்பிரிங் விரல்களின் கோணம் மாறி, அவற்றை அழுத்தக் கூடுதல் பலம் தேவைப்படுகிறது. இதே மாற்றம் ஸ்லேவ் பிஸ்டனைப் பின்னால் தள்ளி ஆயிலை ரிசர்வாயருக்கு அனுப்பும். பிரேக் பேட் தேய்ந்தால் ரிசர்வாயர் மட்டம் இறங்கும், கிளட்ச் தேய்ந்தால் ஏறும். தனி ரிசர்வாயர் உள்ள காரில் விளிம்பு வரை ஊற்றாமல் இருக்க இதுவும் ஒரு காரணம். தேய்மானத்தைத் தானே ஈடுசெய்யும் பிரஷர் பிளேட் உள்ள கார்களில் இந்தக் கனம் அவ்வளவாகத் தெரியாது.

திடீரென்று கனத்தது என்றால் பிரித்துப் பிரித்துப் பாருங்கள். கிளிவிஸ் பின்னைக் கழற்றி பெடலை மட்டும் ஆட்டுங்கள். உதவி ஸ்பிரிங் இருந்தால் பெடல் ஒரு பக்கம் பாயும், விரல் ஜாக்கிரதை. பெடலே இறுக்கமாக இருந்தால் புஷ் வறண்டிருக்கிறது, கிரீஸ் போதும். பெடல் சுலபம் என்றால் அடுத்த சந்தேகம் ஃபோர்க்கின் பைவட் பால், ரிலீஸ் பேரிங் வழுக்கும் குழாய். அந்தக் குழாயில் பள்ளம் விழுந்திருந்தால் பெடல் கனமாக மட்டுமல்ல, இரண்டு படியாக இறங்குவது போலவும் இருக்கும்.

புதிதாகக் கனமான கிளட்ச் கிட் போட்டிருந்தால் மாஸ்டரின் விட்டத்தைப் பாருங்கள். 15.87 மி.மீ. இருந்த இடத்தில் 19.05 மி.மீ. போட்டால் பரப்பு 1.44 மடங்கு. ஒரே மிதிக்கு 44 சதவீதம் கூடுதல் ஆயில் தள்ளும், ஆனால் காலுக்கும் 44 சதவீதம் கூடுதல் பலம் வேண்டும். கையிருப்பு போதாதபோது மட்டும் பெரிய மாஸ்டர். மிதி கூர்மையாக இருக்கட்டும் என்பதற்காகப் போட்டால் இடது முழங்கால் கேள்வி கேட்கும். பயணம் அதிகமாகிவிட்டால் ஆபத்தும் உண்டு: டயாஃப்ரம் விரல்கள் அளவுக்கு மீறி அழுந்தி டிஸ்கின் நடுப்பகுதியை உரசும். அதற்குத் தரைப்பக்க ஸ்டாப்பர் வேண்டும். சூடான எஞ்சினில் விடுபடும் இடத்தைத் தாண்டி 12 முதல் 15 மி.மீ. விட்டு அதை வையுங்கள். தயாரிப்பாளர் 25 கேட்பது தேய்மானத்துக்கும் சூட்டுக்கும் சேர்த்துத்தான். ஸ்டாப்பர் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது, எனவே அவ்வப்போது மறுபடி அளந்தே ஆக வேண்டும்.

பெடல் சரி, ஆனால் எங்கே பிடிக்கிறது என்று காலுக்குத் தெரியவில்லை

அளவெல்லாம் சரியாக இருந்தும் பிடிப்பு மங்கலாக இருந்தால் இரண்டு பாகங்களைப் பாருங்கள்.

ஒன்று, தாமத வால்வு. பி.எம்.டபிள்யூ ஈ46 போன்றவற்றில் ஸ்லேவுக்கும் ஹோஸுக்கும் நடுவே நுண்துளை உள்ள ஒரு துண்டு இருக்கும். காலைச் சட்டென்று எடுத்தாலும் ஆயில் மெதுவாகவே திரும்பும். பயணிகளுக்குக் குலுக்கல் குறையும், கியரைப் பாதுகாக்கும். வேகமாகக் கியர் மாற்றுபவருக்கு, கால் எடுத்துவிட்ட பிறகும் கிளட்ச் வழுக்கிக்கொண்டிருப்பதாகத் தெரியும். இரண்டு ஸ்பேனரால் பிடித்துக் கழற்றி, லைனை நேராக இணைத்து, ஏர் எடுத்தால் போதும். அதன் பிறகு காலின் ஒவ்வொரு தவறும் அப்படியே கியருக்குப் போகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, உதவி ஸ்பிரிங். பெடல் பாதி வழி வரை மேல்நோக்கித் தள்ளும், நடுவைத் தாண்டியதும் கீழ்நோக்கி இழுக்கும். கனம் குறைவாகத் தெரிவது இதனால்தான்; பிரஷர் பிளேட்டின் எதிர்ப்பைக் கால் உணராமல் போவதும் இதனால்தான். டொயோட்டா 86, பி.ஆர்.இசட்., 2015 மஸ்டாங் எஸ்550 ஆகியவற்றில் இதைக் கழற்றுவதோ மென்மையான ஸ்பிரிங் போடுவதோ பரவலான வழக்கம். முழுக்கக் கழற்றுவதைவிட மென்மையான ஸ்பிரிங் மேல். ஸ்பிரிங்கே இல்லாவிட்டால் பெடலைக் கடைசி சில மில்லிமீட்டர் மேலே தள்ள ஆள் இல்லை. ஸ்டாப்பரைத் தொடாமல் நின்றால் மேல் சுவிட்சும் மாஸ்டரின் துளையும் குழம்பும். கழற்றும்போது பாயும் ஸ்பிரிங் என்பதால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மாட்டிய பிறகு அளவுகள் நான்கையும் முதலிலிருந்து எடுங்கள்.

இவ்விரண்டும் இல்லை என்றால் ஹோஸ். ஒருவர் மிதிக்க, நீங்கள் ரப்பர் ஹோஸைக் கையால் பிடியுங்கள். உள்ளங்கையில் வீங்குவது தெரிந்தால் ஸ்டீல் பின்னல் ஹோஸ் போடுங்கள். வீங்காத ஹோஸை மாற்றினால் பெரிய வித்தியாசம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

உயர் ஆர்.பி.எம்.மில் பெடல் தரையில் ஒட்டிக்கொள்கிறது

கார்வெட் சி5, சி6 ஓட்டுபவர்களுக்குப் பழக்கமான தொல்லை. முதல் சந்தேகம் ஆயில். கிளட்ச் தூசியும் ரப்பர்த் துகளும் சேர்ந்து கறுத்து, ஈரம் உறிஞ்சியிருக்கும். டாட் 4இன் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி செல்சியஸ். சைலன்சர் குழாய்க்கு அருகே ஓடும் லைனில் அது போதாது. ரிசர்வாயரை மட்டும் உறிஞ்சிப் புது ஆயில் ஊற்றி, பெடலை முப்பது நாற்பது முறை மிதித்து, மறுபடி உறிஞ்சி ஊற்றுவதைத் திரும்பத் திரும்பச் செய்தாலே நிறம் தெளியும். நிப்பிள் எட்டாத கார்களுக்கு இது உதவும். லைனுக்கு வெப்ப உறையும் போடுங்கள். ஆயில் தெளிவாகவே இருந்தும் ஒட்டினால், அளவுக்கு மீறிய பயணம், அல்லது பிரஷர் பிளேட்டுக்கு மீறிய வலுவுள்ள உதவி ஸ்பிரிங்.

போர்ஷே 911 டர்போவில், 996 தலைமுறையில், கிளட்சுக்குத் தனி உதவி அமைப்பு உண்டு. அதில் ஓடுவது பவர் ஸ்டியரிங்கோடு பகிரும் பென்டோசின், பிரேக் ஆயில் அல்ல. அங்கே டாட் 4 ஊற்றினால் சீல் எல்லாம் போய்விடும்.

சத்தமும் உதறலும்

இவை பெடலில் தெரிந்தாலும் திருத்தம் பெடலில் இல்லை. மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் பெடல் புஷ்ஷும் கிளிவிஸ் பின்னும். கிரீஸ் வைத்தும் போகாவிட்டால் ஃபோர்க் பைவட். மிதித்ததும் தொடங்கி, விட்டதும் நிற்கும் ஊளைச் சத்தம் ரிலீஸ் பேரிங். மிதித்தால் நின்று, விட்டால் வருவது கியர்பாக்ஸ் முன் பேரிங். கிளம்பும்போது உதறினால் எஞ்சின் மவுண்ட்டை முதலில் பாருங்கள், அதுதான் மலிவான காரணம். அடுத்து டிஸ்கில் ஆயில், ஃப்ளைவீலில் நீலநிறச் சூட்டுத் திட்டுகள். கியர்பாக்ஸை இறக்கும் நிலை வந்தால் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், பைவட் பால், கிராங்க் பின்சீல், வளைய ஸ்லேவ் இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுங்கள். ஸ்ப்ளைனில் கிரீஸ் மெல்லிய படலமாக மட்டும். மிச்சத்தைத் துடைக்காவிட்டால் சுழலும்போது தெறித்து டிஸ்கில்தான் போய் ஒட்டும்.